இடது பின் சக்கரத்துக் காற்று

சங்கு குளிக்கப் போன லிகோரி கடலுக்குள் இறங்கிய பதினோராவது நாள், எங்கள் கப்பித்தான் தெருவில் அவன் பெண்டாட்டி பிலோமி வாடகைக்கு ஓட்டுகிற கரண்டு கார் அவனுடைய மூச்சைப் பற்றித் தகவல் சொல்ல ஆரம்பித்தது. நாங்கள் அதற்குப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அவன் இறங்கிய திங்கட்கிழமையிலிருந்து யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்றுதான் தெருவே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது, சொன்னது மனுசனா காரா என்று பார்க்கிற நிலையில் யாரும் இல்லை.

முதலில் மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிகோரியின் வள்ளத்தில் ஒரு காற்று மிஷின் உண்டு, அதிலிருந்து போகிற நீளமான டியூப்பின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு அவன் பதினான்கு பாகம் கீழே போவான், இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம் என்று வைத்துக்கொண்டால் அப்படிப் பதினான்கு ஆள் ஆழம், மேலே வள்ளத்தில் உட்கார்ந்து டியூப் முறுக்கிக்கொள்ளாமலும் மிஷின் நின்றுவிடாமலும் பார்த்துக்கொள்வது அவன் கூட்டாளி இஞ்ஞாசியின் வேலை. எங்கள் தெருவில் குளிக்கப் போகிறவர்கள் அந்த இரண்டு பேர்தான், மற்ற எல்லோரும் வலைக்காரர்கள், தண்ணீருக்கு மேலேயே பிழைப்பை முடித்துக்கொள்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லிகோரி அந்த மிஷினை வள்ளத்திலிருந்து இறக்கித் தெரு நடுவில் வைத்து, சைக்கிள், மொபெட், ஐஸ் வண்டி, பையன்களின் கால்பந்து என்று வருகிற எல்லாவற்றுக்கும் சும்மா காற்றடித்துக் கொடுப்பான். முக்குப் பஞ்சர் கடை பேச்சிமுத்துவுக்கு இதில் வருத்தம்தான், ஆனாலும் தன்னுடைய சைக்கிளை மட்டும் அவனும் ஞாயிற்றுக்கிழமைதான் கொண்டுவருவான்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காரின் இடது பின் சக்கரத்தில் ஆணி ஏறியிருந்தது, பேச்சிமுத்து குலதெய்வக் கோயில் கொடை விழாவுக்குப் போயிருந்தான், லிகோரியே ஓட்டையை அடைத்து அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் வள்ளத்து மிஷினில் காற்றடித்தான். ஓட்டுநர் கதவுக்குள் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் முப்பத்தாறு என்று போட்டிருந்தது, முப்பத்தாறு வைத்தான். மறுநாள் குளிக்கப் போனான். மத்தியானம் இஞ்ஞாசி டியூப்பை இழுத்தபோது டியூப் மட்டும் வந்தது, கவ்வுகிற நுனியில் பல் பட்ட தடம்கூட அப்படியே இருந்தது. நான்கு நாள் எல்லா வள்ளமும் தேடின, ஒரு செருப்புக்கூட அகப்படவில்லை. இஞ்ஞாசி வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன் படுத்தவன்தான், யார் கூப்பிட்டும் வரவில்லை.

பதினோராவது நாள் பிலோமி விமான நிலையத்துக்கு ஒரு சவாரி போய்விட்டுத் திரும்பும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது, பானைக்குள் ஒரு ஆச்சரியக்குறியைப் போட்டு வைத்தது மாதிரி இருக்குமே, அந்த விளக்கு. திரையில் மூன்று சக்கரத்துக்கு முப்பத்தாறு, இடது பின் சக்கரத்துக்கு இருபத்தேழு. பேச்சிமுத்து தன் கேஜை வைத்துப் பார்த்தான், முப்பத்தாறு இருந்தது.

"சூட்டுல அது தாறுமாறா காட்டும். காலையில ஓட்டாம வையிங்க, ஆறினப்புறம் பாப்போம்" என்றான்.

காலையில் நாலடி உருட்டிப் பார்த்தார்கள், கேஜில் முப்பத்தாறு, திரையில் இருபத்தாறு. வால்வில் எச்சில் தொட்டு வைத்தான், ஒரு குமிழிகூட வரவில்லை. இடது பின் சக்கரத்தைக் கழற்றி வலது முன்னால் மாட்டினான், அந்த எண்ணும் சக்கரத்தோடு கூடவே வலது முன்னாலே போனது, அப்படியானால் கோளாறு காரில் இல்லை, சக்கரத்தில்தான் என்று முடிவாயிற்று. மறுபடி பழைய இடத்தில் மாட்டிக்கொண்டு, பிலோமி திருநெல்வேலி பைபாஸில் இருக்கிற சர்வீஸ் சென்டருக்குப் போனாள். அங்கே இருந்த கௌசிக் என்கிற மெக்கானிக் கையில் பிடிக்கிற கருவியை டயர் பக்கம் காட்டி, சென்சார் நன்றாக இருக்கிறது, அதன் பேட்டரி இன்னும் ஐந்து வருசம் வரும், டயர் நன்றாக இருக்கிறது, ரிம்மும் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, ரீசெட் பட்டனைக் காட்டினான்.

"இத அமுக்கிட்டு நாப்பதுல பத்து நிமிசம் ஓட்டுங்க மேடம். பழச மறந்துட்டு புதுசா படிச்சிக்கும். விளக்கு அணைஞ்சிரும்."

பிலோமி பட்டன்வரைக்கும் விரலைக் கொண்டுபோனவள், பழசை மறக்கும் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கையைச் சுட்டுக்கொண்டவளாக எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து பேச்சிமுத்துவிடம் சொன்னாள். கார் நல்லது, சென்சார் நல்லது, டயர் நல்லது, ரிம் நல்லது என்று அவன் விரல் மடக்கிக்கொண்டே வந்து, மிச்சம் நின்ற சுண்டுவிரலைப் பார்த்தான்.

"அப்ப காத்துலதான் கோளாறு. இது யாரு அடிச்ச காத்து?" என்றான்.

அவன் கேட்டு முடிப்பதற்குள் பிலோமிக்குப் புரிந்துவிட்டது, அந்த நிமிசமே எங்களுக்கும் புரிந்துவிட்டது. ஒரே மிஷின் காற்று பாதி டயருக்குள் இருக்கிறது, பாதி லிகோரிக்குள் இருக்கிறது, இங்கே இருக்கிற சென்சார் அங்கே இருக்கிற காற்றைச் சொல்கிறது. அவன் உயிரோடு இருக்கிறான், ஆனால் அவனுடைய காற்று குறைந்துகொண்டே வருகிறது.

அன்றைக்கே பிலோமியின் அண்ணன் வீட்டிலிருந்து தாலியைக் கழற்றுவது பற்றிப் பேச வந்த பெண்கள் திரையைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த சேலையைப் பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டு காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். பங்குச் சாமியார் வந்து குனிந்து கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்து, இருபத்தைந்து இருக்கிற ஆளுக்குச் செத்த பூசை வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது என்று சொல்லிவிட்டார். பெயரை ரேஷன் அட்டையிலிருந்து எடுக்க வந்த அலுவலகத்து ஆள் அந்த எண்ணைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு, சைபர் ஆனதும் சொல்லி அனுப்புங்கள் என்றார், பிலோமி எடுத்த விளக்குமாற்றைப் பார்த்து வேகமாக நடந்தார்.

சக்கரம் உருண்டாலோ காற்று சட்டென்று கூடிக் குறைந்தாலோதான் சென்சார் விழித்துக்கொண்டு புது எண்ணைச் சொல்லும் என்று கௌசிக் சொல்லியிருந்ததால், காரை நிறுத்தியே வைக்கவும் முடியாது. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, வலைகள் கரைக்கு வந்த பிறகு ஒரு தடவை என்று பிலோமி தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஆமை வேகத்தில் ஓட்டுவாள், நாங்கள் இரண்டு பக்கமும் சப்பரத்தோடு போகிறவர்களாக நடப்போம், பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டு வருவார்கள், கடைசியில் ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, ஐஸ் கம்பெனிச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவோம். சார்ஜ் இறங்கிவிடக் கூடாது என்று வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து வயர் இழுத்துக் கொடுத்தோம், பத்து வருசம் முகம் பார்க்காத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு பிளக்குக்காகப் பேச ஆரம்பித்தார்கள். கல்யாணம் பேச வந்தவர்களும் எண் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

ஆனால் எண் குறைந்துகொண்டே வந்தது. இருபத்துநான்கு, இருபத்திரண்டு, சில நாள் ஒரே இடத்தில் நின்று எங்களுக்கு ஆசை காட்டும், மறுநாள் இரண்டு சேர்ந்து விழும், பத்தொன்பது, பதினேழு, பதினான்கு. பேச்சிமுத்து தன் கடை மிஷினிலிருந்து அந்தச் சக்கரத்துக்குக் காற்றடித்துப் பார்த்தான், கேஜ் நாற்பதைக் காட்டியது, திரை அசையவில்லை, இவன் காற்றை லிகோரி ஏற்றுக்கொள்ளவில்லை என்று அவனே சொல்லி வருத்தப்பட்டான். பிலோமி சாப்பாட்டை விட்டாள், தலை வாருவதை விட்டாள், காருக்குள்ளேயே உட்கார்ந்து அந்த எண்ணோடு பேச ஆரம்பித்தாள், பொறுத்துக்கங்க, இழுத்து இழுத்து விடுங்க, மொத்தத்தையும் ஒரே நாள்ல செலவழிச்சிராதிங்க என்று அவள் சொல்வது கண்ணாடிக்கு வெளியே நிற்கிற எங்களுக்குக் கேட்கும்.

பன்னிரண்டு வந்த அன்று அவளால் முடியவில்லை. இறங்கி ஓடி அந்தச் சக்கரத்தின் முன்னால் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, வால்வு மூடியைத் திருகி எறிந்துவிட்டு, நகத்தால் ஊசியை அமுக்கினாள். உஸ்ஸென்று வந்த காற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள், அவன் இருந்த காற்று என்று மோந்து பார்த்தாள், ரப்பர் நாற்றம்தான் அடித்தது, அதற்கே அழுதாள்.

எண் படிக்க முன் சீட்டில் இருந்த பங்குச் சாமியார்தான் முதலில் பார்த்தார்.

"பிலோமி, பதிமூணு. இல்ல, பதினாலு. ஏறுதும்மா, விடாத" என்றார்.

இங்கே குறைந்தால் அங்கே கூடுகிறது. இவ்வளவு நாளும் அவனுக்கு வேண்டிய காற்றை நாங்கள் டயருக்குள் பூட்டி வைத்துக்கொண்டு அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று அழுதிருக்கிறோம் என்பது தெரிந்ததும் எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. பிலோமி கடைசிச் சொட்டுவரைக்கும் அமுக்கினாள், டயர் சப்பையாகி ரிம் தரையில் உட்கார்ந்தது, திரையில் இருபது நின்றது, தெரு கைதட்டியது.

ஆறு நாளில் அது மறுபடி ஒன்பதுக்கு வந்தது. ரிம் தரையில் உரசக் காரைத் தள்ளிக்கொண்டு போய் அந்த ஒன்பதைப் பார்த்த அன்று பிலோமி யாரையும் எதுவும் கேட்கவில்லை, நிமிர்ந்து தெருவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். தெருவில் இருந்த ஒவ்வொரு சக்கரத்திலும் இருப்பது லிகோரி அடித்த காற்று என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பேச்சிமுத்துதான் முதலில் தன் சைக்கிளைச் சாய்த்து வால்வைப் பிடுங்கினான். அப்புறம் மொபெட்டுகள், ஐஸ் வண்டி, மீன் கூடை கட்டுகிற சைக்கிள்கள், கோயில் மைக் செட்டுத் தள்ளுவண்டி என்று உஸ் உஸ்ஸென்ற சத்தம் தெருவெல்லாம் ஓடியது, பையன்கள் அழுதுகொண்டே கால்பந்தைக் கொண்டுவந்தார்கள். பதினைந்து, இருபத்திரண்டு, முப்பது. கதவு ஸ்டிக்கரில் முப்பத்தாறு என்று போட்டிருந்ததல்லவா, அதுதான் லிகோரிக்கும் சரியான அளவு என்று நாங்களாக முடிவுகட்டிக்கொண்டு, அதைத் தொடாமல் விடுவதில்லை என்று நின்றோம். முப்பத்தைந்தில் நின்றது. காற்று மிச்சமிருந்த ஒரே வண்டி இஞ்ஞாசியின் ஸ்கூட்டர்.

அதைப் போய்க் கேட்கலாமா வேண்டாமா என்பதிலேயே மூன்று நாள் ஆகிவிட்டது, அந்த மூன்று நாளும் எண் முப்பத்தைந்தை விட்டு அசையவில்லை, நாங்கள் பாயசம் வைத்துக் குடித்தோம். மூன்றாவது நாள் மத்தியானம் பிலோமியே இஞ்ஞாசி வீட்டுக் கதவைத் தட்டி, ஸ்கூட்டரில் இருக்கிற காற்றை விட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். லிகோரி போன நாளிலிருந்து தெருவில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. எதுக்கு மைனி என்று சுவரிலிருந்து திரும்பாமலே கேட்டான், அவள் சொல்லச் சொல்ல மெதுவாகத் திரும்பினான், தாடியும் அழுக்குமாக எழுந்து ஐஸ் கம்பெனிச் சுவர்வரைக்கும் நடந்து வந்தான். சுண்ணாம்பு எண்களை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தான், கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தான், விரலால் எதையோ பெருக்கிப் பார்த்தான், அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"மைனி, காத்து குறையல. அவன் தலைக்கு மேல இருக்க கடல்தான் குறைஞ்சிட்டு வந்திருக்கு" என்றான்.

எங்களுக்குப் புரியவில்லை.

"ஒரு பாகத்துக்கு ரெண்டரைக்கு மேல தண்ணி அழுத்தும். பதினாலு பாகத்துல முப்பத்தாறு, முப்பத்தேழு. மேல வர வரக் குறையும், தண்ணிக்கு மேல தலை வந்தா சைபர். அவன் ஏறி வந்துட்டு இருந்திருக்கான். அவசரமா ஏறினா கை கால் விழுந்துரும்னு, நின்னு நின்னு, பாத்துப் பாத்து வந்திருக்கான். பன்னெண்டு வந்தான்னா நாலரைப் பாகம். ஒம்பதுல வெளிச்சமே தெரிஞ்சிருக்கும். நீங்க காத்த இறக்கி இறக்கி அவன மறுபடி அடிக்கே அமுக்கி விட்டுட்டீங்க."

கடலிலிருந்து வந்த எண்ணை நாங்கள் ரோட்டில் நின்று படித்திருக்கிறோம். கார் சொன்னதால் டயர் என்று நினைத்துக்கொண்டோம், கூடினால் நல்லது, குறைந்தால் மோசம் என்று. பிலோமி தன் வலது கை நகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், எங்களில் ஒருவருக்கும் அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் வரவில்லை.

"விட்டா அவனே மறுபடி வருவானா?" என்று பேச்சிமுத்து கேட்டான்.

"மூணு நாளா முப்பத்தஞ்சுல கிடக்கானே. முதல் தடவை தள்ளுனதுக்கு ஏறிட்டான். இப்ப தெருக் காத்து மொத்தமும் அவன் மேல கிடக்கு, இனி ஏற அவனுக்குத் தெம்பு இல்ல. அனுப்புனவங்கதான் எடுக்கணும்" என்றான் இஞ்ஞாசி.

இனிமேல் தொடவே மாட்டேன் என்று சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த மிஷினை அவனே இழுத்துக்கொண்டு வந்தான். வேகமாக அடிக்கக் கூடாது என்றான், ஒரு சைக்கிள், அப்புறம் அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும், அப்புறம் அடுத்த சைக்கிள். அப்படியே இரண்டு பகல் முழுவதும், எந்த வரிசையில் இறக்கினோமோ அதற்கு நேர் எதிர் வரிசையில், கால்பந்திலிருந்து ஆரம்பித்துத் தெருவுக்குக் காற்றடித்தோம். எண் இறங்கியது. இத்தனை நாளும் இறங்கக் கூடாது என்று செபித்த அதே எண்ணை இப்போது இறங்கு இறங்கு என்று செபிக்க வேண்டியிருந்தது, வாய் சொன்னாலும் நெஞ்சு கேட்கவில்லை, இருபதுக்குக் கீழே வந்ததும் பெண்கள் திரும்பி நின்றுகொண்டார்கள். இஞ்ஞாசி சொன்னது தப்பாக இருந்தால் நாங்கள் எங்கள் கையாலேயே அவனைக் கொன்றுகொண்டிருக்கிறோம். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் எல்லா வண்டியும் நிமிர்ந்து நின்றன, கார் மட்டும் பாக்கி, திரையில் ஐந்து. இஞ்ஞாசி குழாயைப் பிலோமி கையில் கொடுத்தான்.

"மைனி, இதுதான் ஆபத்தான இடம். ஒரு மூச்சு அடிங்க, நிறுத்துங்க. நான் சொன்னப்புறம் அடுத்தது. இருட்டுறதுக்குள்ள முடிச்சிரலாம்."

அவள் ஒரு மூச்சு அடித்தாள். நான்கு. அரை மணி நேரம் காத்திருந்தோம். இன்னொரு மூச்சு. மூன்று. அந்த மூன்று அப்படியே நின்றது, நின்று சிமிட்டியது, ஒரு கணம் எண் இருந்த இடத்தில் இரண்டு கோடு மட்டும் தெரிந்தது, மறுபடி மூன்று வந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்குள் இருந்த ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. முப்பது நாளுக்கு மேல் காத்திருந்தவளால் இன்னும் அரை மணி நேரம் காத்திருக்க முடியவில்லை. மைனி, வேண்டாம் என்று இஞ்ஞாசி கத்துவதற்குள் குழாயை வால்வில் வைத்து அழுத்திப் பிடித்துவிட்டாள், டயர் ஒரே தம்மில் உப்பிக் கார் ஒரு பக்கம் தூக்கியது, அவள் கையைப் பிடித்து இழுத்தவர்களால் அந்தக் கையை அசைக்க முடியவில்லை. திரையில் சைபர் வந்தது. இஞ்ஞாசி மிஷினை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

காரின் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அலுவலகத்து ஆள் சைபர் ஆனதும் சொல்லி அனுப்பச் சொன்னது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பங்குச் சாமியார் இரண்டு தடவை வாயைத் திறந்து, எந்த செபத்தைச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

நாலு மணி வாக்கில் தெருவின் கடல் பக்க முனையில் ஒரு ஆள் வந்தான். உடம்பெல்லாம் வெளுத்துப் போய், இடுப்பில் சங்குப் பை அப்படியே கட்டியிருக்க, ஈரம் சொட்டச் சொட்ட, இடது காலைத் தரையில் இழுத்து இழுத்து நடந்து வந்தான் லிகோரி. வழியில் நின்ற சைக்கிள்களைப் பிடித்துப் பிடித்துத்தான் அவனால் வர முடிந்தது, பழக்க தோசத்தில் ஒவ்வொன்றின் டயரையும் அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். காருக்குப் பக்கத்தில் வந்து நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"மேல வந்துட்டு இருந்தவன ரெண்டு தடவை கீழ தள்ளுனது யாருல?" என்றான். குரல் கரகரவென்று இருந்தது. "சரி, அதத்தான் விடுங்க. கடைசியில, இன்னும் ஒரு பாகம்தான், நின்னு போவோம்னு நிக்கேன், அதுக்குள்ள கால் வெளங்காமப் போற மாதிரி ஒரே தூக்கா தூக்கி எறிஞ்சது யாரு?"

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். எங்களில் பாதிப்பேர் அவனைத் தள்ளியவர்கள், மீதிப்பேர் கைதட்டியவர்கள்.

"மூணும் நான்தான்" என்றாள் பிலோமி. குழாய் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

லிகோரி அந்தக் குழாயை வாங்கிக் கீழே வைத்தான்.

"நெனச்சேன்ளா" என்றான். தன் இடது பக்கத்துப் பாரத்தை முழுவதுமாக அவள் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுப் படியை ஏறினான்.